பதினைந்தாவது வாய்தா

நோங் ரத்தா மாகாண நீதிமன்றத்தின் கோப்பறையில் வேலை பார்த்த ஸோம் என்ற பெண்ணுக்குத் தன் காதல் எந்தத் தேதியில் தொடங்கியது என்பதில் சந்தேகமே கிடையாது. அது அரசுப் பதிவேட்டிலேயே இருந்தது. விமான நிலைய முற்றுகை வழக்கு, மூன்றாவது வாய்தா. காரணம்: முதலாவதாகக் குற்றம் சாட்டப்பட்ட பேராசிரியர் தனித்துக்கு முழங்கால் வலி. மருத்துவச் சான்றிதழைக் கொண்டுவந்து கொடுத்தவர்: அவருடைய மகன் கீரதி.

நான்காவது வாய்தாவுக்குக் காரணம் இறால் ஒவ்வாமை. ஆறாவதற்கு, வழக்கறிஞர் பதினைந்து நாள் துறவு பூண்டு மடத்துக்குப் போயிருந்தது. ஒன்பதாவது வாய்தா ஸோமுக்கு இன்னும் மனப்பாடம். அன்று பேராசிரியர் பாங்காக்கில் 'சட்டத்தின் முன் அனைவரும் சமம்' என்ற தலைப்பில் உரையாற்ற வேண்டியிருந்தது. நீதிமன்றம் எல்லாக் காரணங்களையும் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டது.

ஒவ்வொரு முறையும் மனுவோடு பாங்காக்கிலிருந்து பறந்து வந்தவன் கீரதிதான். அப்பா எட்டு நாள், அரசைக் கவிழ்க்கத் திரண்ட மஞ்சள் சட்டைக்காரர்களோடு பாய் விரித்துப் படுத்து மூடிவைத்த அதே விமான நிலையத்தில்தான் மகன் வந்து இறங்குவான். முத்திரை விழும்வரை கோப்பறை வாசலில் நிற்பான். முதலில் ஒரு புன்னகை, பிறகு ஒரு பேச்சு, அப்புறம் எதிர்ச்சாரியில் ஸோமின் அம்மா போட்டிருந்த கடையில் மதியச் சாப்பாடு. பத்தாவது வாய்தாவுக்குள் கண்ணில் நீர் வராமல் அந்த வடகிழக்கு வட்டாரத்துக் காரத்தைச் சாப்பிடப் பழகிவிட்டான். பதினோராவது வாய்தா முடிந்த மறுவாரம், முத்திரை சரியாக விழவில்லை என்று சொல்லிக்கொண்டு வெறுங்கையோடு வந்து நின்றான். வழக்கு இருந்த இடத்தைவிட்டு அங்குலம் நகரவில்லை. மற்றதெல்லாம் நகர்ந்துவிட்டது.

ஸோமின் அப்பா தோங்சுக்கும் அதே நீதிமன்றத்துக்கு வந்துபோகிறவர்தான். ஆனால் அவருடைய கோப்புக்குக் கால் முளைத்திருந்தது. அவர் மஞ்சளுக்கு எதிர் அணியான சிவப்புச் சட்டைக்காரர்களுக்குப் பத்துக் கிராமத்தில் தலைவர். தொழில், மனைவி லம்துவனோடு சேர்ந்து பன்றிக்கறி சுட்டு விற்பது. பேராசிரியரின் விமான நிலையத்துக்குப் பல வருடம் கழித்து, தேர்தல் தேதியைச் சொல்லுங்கள் என்று கேட்டு, தன் தள்ளுவண்டியையும் பதினொரு பிளாஸ்டிக் நாற்காலிகளையும் நெடுஞ்சாலையின் குறுக்கே போட்டு உட்கார்ந்தார். நாற்பது நிமிடம் என்பது அரசுத் தரப்பின் கணக்கு. அவர் கணக்கில் முப்பத்தைந்துதான். மீதி ஐந்து நிமிடம் அடுப்பு தணிவதற்குக் காத்திருந்தது. ஒன்றரை வருடச் சிறை என்று தீர்ப்பாகி, மேல்முறையீட்டிலும் அதுவே உறுதியாகி, இரண்டே வருடத்தில் கோப்பு பாங்காக்கின் உச்ச நீதிமன்றத்துக்குப் போய்விட்டது. இடையில் டெங்குக் காய்ச்சல் வந்தபோது ஒருமுறை வாய்தா கேட்டார். கிடைக்கவில்லை. சரக்கு வண்டியின் பின்புறம் படுத்தபடியே வந்து ஆஜரானார்.

மாப்பிள்ளையின் அப்பா இன்னார் என்று ஸோம் வீட்டில் சொன்ன அன்று தோங்சுக் அடுப்பை விசிறுவதை நிறுத்திவிட்டார். ஒரு குச்சிக் கறி கருகியது. பிறகு, பையன் எப்படிச் சாப்பிடுகிறான் என்பதைத் தான் பல வாய்தாவாகப் பார்த்துக்கொண்டிருப்பதாகவும், தட்டில் மிச்சம் வைக்காதவன் மோசமானவனாக இருக்க முடியாது என்றும் சொன்னார்.

பெண் கேட்க வந்த பேராசிரியரும் எதிர்பார்த்ததுபோல் இல்லை. மனைவியை இழந்த, வெள்ளைத் தலையும் மென்மையான குரலும் கொண்ட மனிதர். செருப்பை வாசலில் கழற்றி ஒழுங்காகத் திருப்பி வைத்துவிட்டு உள்ளே வந்தார். இரண்டு பேருக்குமே முழங்கால் வலி என்பது தெரிந்ததும் அரை மணி நேரம் தைலங்களைப் பற்றியே பேசினார்கள். ஒரே ஒரு சங்கடம்தான் வந்தது. சுவரில் மாட்டியிருந்த தோங்சுக்கின் பழைய சிவப்புச் சட்டையில் 'இரட்டை அளவுகோல் ஒழிக' என்று எழுதியிருந்தது. பேராசிரியர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அதைப் படித்தார்.

"அளவுகோல் ஒண்ணுதான் சம்பந்தி," என்றார் கனிவாக. "ஆளுங்கதான் வேற வேற."

தோங்சுக் வாயைத் திறப்பதற்குள் லம்துவன் சம்பந்தியின் கையில் ஒரு கறிக்குச்சியைக் கொடுத்து, "சாப்பிடுங்க, ஆறிடும்," என்றாள். அந்த வீட்டில் பல அரசியல் விவாதங்கள் அப்படித்தான் முடிந்திருக்கின்றன.

கல்யாண வேலைகளில் ஆகக் கடினமானது உடையின் நிறம். சிவப்பு அப்பாவுடையது, மஞ்சள் மாமனாருடையது, இரண்டும் கூடாது. பச்சை என்றால் ராணுவம். நீலம் இன்னொரு கட்சி. ஊதா கைம்பெண்களின் நிறம் என்று லம்துவன் காதைப் பொத்திக்கொண்டாள். ஸோம் என்றாலே ஆரஞ்சுதானே, உன் பெயரின் நிறத்தையே கட்டிக்கொள் என்று கோப்பறைத் தோழி ரூதி சொல்லப்போக, அது இளவட்டங்களின் புதுக் கட்சிக்கு ஓட்டுக் கேட்பதுபோல் ஆகிவிடும் என்று இரண்டு அப்பாக்களும் முதன்முறையாக ஒரே குரலில் மறுத்தார்கள். கடைசியில் பால் கலந்த தேநீரின் நிறத்தில் ஒரு பட்டு கிடைத்தது. அந்த நிறத்தில் இதுவரை யாரும் சாலையை மறித்ததில்லை என்பதைக் கீரதி இணையத்தில் தேடி உறுதிசெய்தான்.

பிக்குகளின் மழைக்கால விரதம் தொடங்கிவிட்டால் மூன்று மாதம் கல்யாணம் கிடையாது. அதற்கு முன்னால் ஒரே ஒரு நல்ல நாள்தான் இருக்கிறது, ஒன்பது மணி ஒன்பது நிமிடத்துக்கு மணமக்கள் கையில் பெற்றோர் சங்கு நீர் வார்க்க வேண்டும் என்று மடத்துப் பெரியவர் குறித்துக் கொடுத்தார். அழைப்பிதழ் அச்சாகி வந்த மறுநாள், உச்ச நீதிமன்றத்திலிருந்து அரக்கு முத்திரையிட்ட உறையும் வந்து சேர்ந்தது. அதற்குள் என்ன இருக்கிறது என்பது வாசிக்கும்வரை யாருக்கும் தெரியாது. தோங்சுக் முன்னிலையில் அதைப் பிரித்து வாசிக்க நீதிமன்றம் குறித்த நாள் அதே நாள்தான். காலை ஒன்பதரை மணி. தண்டனை உறுதியானால் அங்கிருந்தபடியே நேராகச் சிறை.

விமான நிலைய வழக்கின் விசாரணையும் அன்றைக்குத்தான் இருந்தது. அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

இரண்டு அப்பாக்களும் ஒரே வாரத்தில் வாய்தா மனு போட்டார்கள். இரண்டிலும் ஒரே காரணம்: பிள்ளையின் திருமணம். இரண்டோடும் இணைத்திருந்தது ஒரே அழைப்பிதழ். அப்பாவின் கோப்பை ஸோம் தொடக்கூடாது என்று அலுவலகத்தில் எழுதிக் கொடுத்திருந்ததால், உத்தரவுகள் வந்தபோது ரூதிதான் இரண்டையும் எடுத்துவந்து மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

தோங்சுக்கின் மனுமீது இப்படி எழுதியிருந்தது: 'மகளின் திருமணம் தனிப்பட்ட விஷயம், தவிர்க்க முடியாத காரணம் ஆகாது. தவிர, திருமணக் கூட்டத்தைப் பயன்படுத்தி மனுதாரர் தப்பிச்செல்ல வாய்ப்புண்டு. மனு தள்ளுபடி.' பேராசிரியரின் மனுமீது: 'மகனின் திருமணம் ஒரு தந்தையின் வாழ்வில் மீண்டும் வராத மங்கல நிகழ்வு, தவிர்க்க முடியாதது. மனு ஏற்கப்படுகிறது. நீதிமன்றம் மணமக்களை வாழ்த்துகிறது.'

"உனக்குக் கோர்ட்டே வாழ்த்துச் சொல்லியிருக்குடி," என்றாள் ரூதி. சிரிக்க முயன்றாள். முடியவில்லை.

ஸோம் இரண்டு தாள்களையும் படம் எடுத்துக் கீரதிக்கு அனுப்பினாள். அவன் உடனே அழைத்தான். அப்பா கையால் நீர் வார்க்காமல் தனக்குக் கல்யாணம் வேண்டாம் என்று அவள் சொன்னாள். இன்னொன்றும் சொன்னாள்.

"கல்யாணத்தைத் தள்ளிப் போட்டுக்கலாம். வாய்தா வாங்குறதுதான் உங்க வீட்டுக் குடும்பத் தொழிலாச்சே."

அவன் கோபித்துக்கொள்ளவில்லை. அன்றைக்கே இரண்டு தாள்களையும் அச்செடுத்து அப்பாவின் முன்னால் வைத்தான். பேராசிரியர் மூன்று முறை படித்தார் என்று அவன் பிற்பாடு ஸோமிடம் சொன்னான். முதல்முறை ஒரு எழுத்துப்பிழையைக் கண்டுபிடித்தார். இரண்டாம்முறை, வழக்குகள் வேறு வேறு, ஒவ்வொன்றுக்கும் அதனதன் தன்மை உண்டு என்றார்.

"வழக்குதாம்பா வேற வேற," என்றான் கீரதி. "கல்யாணம் ஒண்ணுதானே?"

மூன்றாம்முறை படித்துவிட்டுப் பேராசிரியர் எழுந்து போய் ஆர்க்கிட் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தார். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.

கல்யாணத்தைத் தள்ளிப்போட மறுத்தவர் தோங்சுக். உறைக்குள் இருப்பது ஒன்றரை வருடமாக இருந்தால் மகள் அதுவரை காத்திருப்பதா என்று கேட்டார். தான் இல்லாவிட்டாலும் நடக்கட்டும் என்றார். அதை லம்துவன் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு நாள் அந்த வீட்டில் அடுப்புச் சத்தம்கூட மெதுவாகத்தான் கேட்டது.

வழி ஸோமுக்குத்தான் தோன்றியது. மாப்பிள்ளை ஊர்வலம் பெண்ணின் பெற்றோர் இருக்கிற இடத்துக்கு வர வேண்டும் என்பதுதானே முறை? அன்று காலை அப்பா நீதிமன்ற வாசலில் இருந்தாக வேண்டும். அம்மாவின் கடையோ அந்த வாசலுக்கு எதிரே இருக்கிறது. கடைப் பந்தலிலேயே ஒன்பது ஒன்பதுக்கு நீர் வார்த்துவிட்டு, அப்பா சாலையைக் கடந்து ஒன்பதரைக்கு உள்ளே போகட்டும்.

ஊர்வலத்துக்கு அனுமதி வேண்டும். தோங்சுக் பெயரில் கேட்டால் எட்டுப் படிவம் வரும் என்பதால் பேராசிரியரின் பெயரில் கேட்டார்கள். தொலைபேசியிலேயே கிடைத்துவிட்டது. மேளம் போதுமா, காவல்துறை வாத்தியக் குழுவையும் அனுப்பட்டுமா என்றுகூடக் கேட்டார்களாம்.

கல்யாண நாள் காலையில் மழை விட்டிருந்தது. தேநீர் நிறப் பட்டில் ஸோம் பந்தலுக்குள் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு துணிப்பை இருந்தது. அப்பாவின் மாற்றுடை, பல்துலக்கி, முழங்கால் தைலம். லம்துவன் கட்டிவைத்தது. அதைப் பார்க்கக்கூடாது என்று ஸோம் முடிவு செய்திருந்தாள். ஆனாலும் கண் அங்கேயே போனது. நடைபாதையில் சார்ஜென்ட் பைரோத் கேமராவோடு நின்றான். தோங்சுக் ஜாமீன் நிபந்தனைகளை மீறாமல் இருக்கிறாரா என்று கண்காணிப்பது அவன் வேலை. மூன்று வருடமாகப் படம் எடுக்கிறான். மூன்று வருடமாக லம்துவனின் கடையில்தான் காலைச் சாப்பாடு. அன்று படம் எடுப்பதற்கு முன்னால் தோங்சுக்கின் காலரைச் சரிசெய்துவிட்டான்.

எட்டரை மணிக்கு நீள மேளங்களின் சத்தம் கேட்டது. வாழைக்கன்றும் கரும்பும் இனிப்புத் தட்டுகளுமாக ஊர்வலம் ஆடிக்கொண்டே வந்தது. நடுவில் கீரதி, அவன் பக்கத்தில் வெள்ளைப் பட்டுச் சட்டையில் பேராசிரியர். முறைப்படி பெண்வீட்டார் சங்கிலியைக் குறுக்கே பிடித்து வழிமறிக்க வேண்டும். மாப்பிள்ளை கேலிப்பேச்சுக்கெல்லாம் பதில் சொல்லி, சின்ன உறை கொடுத்தால்தான் விடுவார்கள். முதலில் வெள்ளிச் சங்கிலி பிடித்த வெள்ளி வாசல்; அதை ரூதியும் அலுவலகப் பெண்களும் மறித்தார்கள். இத்தனை வாய்தா வாங்கினவருக்கு இன்னொரு வாய்தா கொடுத்துத் திருப்பி அனுப்பலாமா என்று ரூதி கேட்க, கீரதி கைகூப்பி, இந்த ஒரு வழக்கில் மட்டும் உடனடித் தீர்ப்பு வேண்டும் என்றான்.

அடுத்தது தங்க வாசல். லம்துவனின் சொந்தத் தங்கச் சங்கிலி. ஒரு முனையை ஸோமின் சித்தி பிடித்திருந்தாள். மறுமுனைக்கு நிற்க வேண்டிய சித்தப்பா ஐஸ்கட்டி வாங்கப் போனவர் திரும்பவில்லை. சங்கிலி தரையில் படப்போகிறது என்று பார்த்த தோங்சுக், யோசிக்காமல் எட்டி அந்த முனையைப் பிடித்துக்கொண்டார். மகளின் கல்யாணத்தில் தகப்பன் வேறு என்ன செய்வான்?

மூன்றாவது ஜாமீன் நிபந்தனை ஸோமுக்குத் தெரியும்: 'எந்தப் பொருளைக் கொண்டும் எந்தப் பாதையையும் மறிக்கக்கூடாது.' எழுந்திருக்கப் பார்த்தாள். மணப்பெண் எழுந்திருக்கக்கூடாது என்று இரண்டு அத்தைகள் தோளை அழுத்தினார்கள்.

பைரோத் மெதுவாக வந்தான். அவனுக்கே பிடிக்கவில்லை. ஆனால் எதிரே நீதிமன்றத்தின் கேமரா இருந்தது.

"அண்ணே," என்றான். "சங்கிலி."

தோங்சுக் தன் கையைப் பார்த்தார். சித்தி பயத்தில் தன் முனையை விட்டுவிட்டாள். தங்கம் மண்ணில் விழுந்தால் தாம்பத்தியத்துக்கு ஆகாது. பேராசிரியர் ஒரே எட்டில் குனிந்து, முழங்கால் வலியையும் மீறி, அதைப் பிடித்துவிட்டார். இப்போது ஒரு முனை சிவப்புச் சட்டைத் தலைவர் கையில், மறுமுனை மஞ்சள் சட்டைத் தலைவர் கையில், நடுவே மாப்பிள்ளை. மேளம் நின்றது.

பைரோத் குறிப்பேட்டைத் திறந்து ஒரு பெயரை எழுதினான். மூடினான்.

"என் பேரை எழுதலையே," என்றார் பேராசிரியர்.

"நீங்க வழியில போனவர் ஐயா."

"நான் சங்கிலியைப் பிடிச்சிருக்கேன்."

"பார்த்து ரசிச்சுக்கிட்டிருந்தீங்க ஐயா."

ஏதோ ஒன்று பேராசிரியரின் முகத்தில் மாறியதை ஸோம் பார்த்தாள். வரிசையில் நின்ற பெரியவரைக் கடைக்காரன் கண்டுகொள்ளாதபோது வருமே, அந்த மாதிரி ஒரு சிவப்பு. அவர் சங்கிலியை இன்னும் விறைப்பாக இழுத்தார். சங்கிலிக்கு ஒரு முனை மட்டும்தான் இருக்குமா என்று கேட்டார். பைரோத் வியர்த்துப்போய் இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டான். இன்ஸ்பெக்டர் வந்து பேராசிரியருக்குச் சல்யூட் அடித்தார், நாற்காலி வரவழைத்தார், குளிர்ந்த தண்ணீர் கொடுத்தார், ஒரு கான்ஸ்டபிளைக் குடை பிடிக்கச் சொன்னார். தோங்சுக் வெயிலில் நின்றார்.

பேராசிரியர் தன் முனையைத் தோங்சுக்கிடம் கொடுத்துவிட்டு நாற்காலியைத் தூக்கினார். நேராகச் சாலையின் நடுவே கொண்டுபோய்ப் போட்டு உட்கார்ந்தார்.

"இப்போ நான் சாலையை மறிக்கிறேன்," என்றார். "எழுதிக்குங்க."

இன்ஸ்பெக்டர் பதறவில்லை. ஐயாவுக்கு வண்டிகளால் தொந்தரவு வரக்கூடாது என்று இரண்டு முனைகளிலும் தடுப்பு போட்டுப் போக்குவரத்தைச் சந்தைப் பக்கம் திருப்பிவிட உத்தரவிட்டார். ஐந்து நிமிடத்தில் நீதிமன்றச் சாலை கழுவிவிட்டதுபோல் காலியானது.

"நான் ஒரு விமான நிலையத்தையே மூடினவன்யா," என்றார் பேராசிரியர்.

"அப்படின்னு குற்றச்சாட்டு இருக்குங்க ஐயா," என்று இன்ஸ்பெக்டர் பணிவாகத் திருத்தினார். "இன்னும் நிரூபணம் ஆகலையே."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். தோங்சுக் சிரிக்கவில்லை. அவர் சங்கிலியைக் கையிலேயே வைத்துக்கொண்டு, நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்று, தாழ்ந்த குரலில் சொன்னார்.

"விடுங்க சம்பந்தி. முதல் தடவை அப்படித்தான் இருக்கும்."

"ஒரு பேரை எழுதுறதுல என்ன கஷ்டம்?" பேராசிரியர் நிமிர்ந்து பார்த்தார். "எனக்கு இத்தனை வருஷமா இது தெரியவே இல்லையே."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க எழுதச் சொல்லிக் கேட்டதே இல்லையே."

ஒரு முனையை எழுதினால் இன்னொன்றையும் எழுத வேண்டும்; எழுதினால் பாங்காக்கிலிருந்து யார் யார் பேசுவார்களோ. இன்ஸ்பெக்டர் மூலையில் போய் மேலிடத்துக்கு இரண்டு அழைப்புகள் பேசிவிட்டு வந்து முடிவைச் சொன்னார்: சம்பவ இடத்தில் சங்கிலி எதுவும் காணப்படவில்லை. பைரோத் பக்கத்தைக் கிழித்து மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான். அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"சண்டையெல்லாம் ஒன்பது ஒன்பதுக்கு அப்புறம் வச்சுக்கங்க," என்று லம்துவன் பந்தலிலிருந்து சத்தம் கொடுத்தாள். இல்லாத சங்கிலியைத் தாண்டி மாப்பிள்ளை உள்ளே வந்தான்.

வெள்ளை நூலால் தலைகள் இணைக்கப்பட்டு, கைகளைக் கூப்பி நீட்டி ஸோமும் கீரதியும் உட்கார்ந்தார்கள். சரியாக ஒன்பது ஒன்பதுக்குத் தோங்சுக் சங்கைச் சாய்த்தார். நீர் மகளின் விரல்களிலிருந்து வழிந்து பித்தளைக் கிண்ணத்தில் விழுந்தது. "சண்டை போட்டா சாப்பிட்டுட்டுப் போடுங்க," என்று மட்டும் சொன்னார். ஸோம் தலையை அசைத்தாள். அசைத்தால் நூல் அவிழும் என்று கீரதி காதருகே சொன்னான். அவன் கன்னமும் நனைந்திருந்தது.

ஒன்பதே காலுக்கு அவர் துணிப்பையை எடுத்துக்கொண்டு சாலையைக் கடந்தார். பைரோத் கூடவே போனான். பையைத் தான் தூக்கி வருவதாகச் சொல்லித் தோற்றான். ஸோம் நூலைக் கழற்றாமல் நீதிமன்ற வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். விருந்தினர்கள் சாப்பிட்டார்கள், யாரும் சத்தமாகப் பேசவில்லை. பத்து மணி ஆனது. பத்தரை ஆனது. பேராசிரியர் ஒரு கவளம்கூட எடுக்கவில்லை.

பதினொன்றே முக்காலுக்குத் தோங்சுக் அதே பையோடு திரும்பி வந்தார். நடையில் ஒரு குழப்பம். பின்னாலேயே ரூதி ஒரு தாளை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தாள். பேராசிரியரின் வசதிக்காகச் சாலையை அடைத்தபோது திருப்பிவிடப்பட்ட வண்டிகளில் நீதிபதியின் காரும் ஒன்று. அன்று சந்தை நாள். மீன்காரிகளின் கூடைகளுக்கும் மாட்டு வண்டிகளுக்கும் நடுவே இரண்டு மணி நேரம் சிக்கிக் கிடந்து, நேரம் கடந்து வந்து சேர்ந்தவர் எழுதிய உத்தரவு அது: 'தவிர்க்க முடியாத காரணத்தால் தீர்ப்பு வாசிப்பு மழைக்கால விரதத்துக்குப் பின் ஒரு தேதிக்கு ஒத்திவைக்கப்படுகிறது.'

தோங்சுக் பந்தல் பலகையில் உட்கார்ந்து தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வாய்தான்னா இப்படித்தான் இருக்குமா?" என்றார். "நல்லாத்தான் இருக்கு. நீங்க ஏன் விடமாட்டேங்கிறீங்கன்னு இப்போ புரியுது சம்பந்தி."

பேராசிரியர் தலை குனிந்தபடி முதல் கவளத்தை எடுத்தார்.

அந்த மூன்று மாதம் தோங்சுக் மகள் வீட்டுக்கு மூன்று முறை போய்வந்தார். மாப்பிள்ளைக்குக் கரி அடுப்பு மூட்டக் கற்றுக்கொடுத்தார். கீரதி மாடி வீட்டின் புகை அபாயமணியை இரண்டு முறை அலறவிட்டான். பிறகு விரதம் முடிந்தது. உறையைப் பிரித்தார்கள். ஒன்றரை வருடம். துணிப்பையில் லம்துவன் கட்டிவைத்த தைலப் புட்டி மட்டும் புதிது.

அதே நாளில் விமான நிலைய வழக்கும் இருந்தது. பேராசிரியர் முதன்முறையாக மனு எதுவும் போடாமல், சான்றிதழ் எதுவும் இல்லாமல், சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து கைகட்டி நின்றார். நீதிமன்றம் திகைத்துவிட்டது. அவர் வருவார் என்று யாரும் எதிர்பார்க்காததால் சாட்சிகளை அழைக்கவில்லை. அரசு வழக்கறிஞர் விடுமுறையில் இருந்தார். கோப்பு வேறு மாடியில் இருந்தது. அவருடைய வருகை முன்கூட்டித் தெரிவிக்கப்படாத காரணத்தால் வழக்கு ஒத்திவைக்கப்பட்டது. அந்த உத்தரவைப் பதிவேட்டில் ஏற்றியவள் ஸோம்தான். பதினைந்தாவது வாய்தா.

சனிக்கிழமைகளில் சிறையில் மனுநாள், உறவினர்கள் கைதிகளைப் பார்க்கலாம். பேராசிரியர் பாங்காக்கிலிருந்து தவறாமல் வந்துவிடுவார். அவரை அடையாளம் கண்டுகொண்டு, வரிசையில் நிற்க வேண்டாம், நேராக உள்ளே வாருங்கள் என்று ஒவ்வொரு வாரமும் காவலர் சொல்வார். ஒவ்வொரு வாரமும் அவர் மறுப்பார். நாற்காலி கொண்டுவந்து போடுவார்கள். அவர் அதில் லம்துவனை உட்கார வைத்துவிட்டு அவள் பின்னால் நிற்பார். ஸோமும் கீரதியும் அவருக்கும் பின்னால்.

முதல் சனிக்கிழமை தோங்சுக் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்புறம் கொஞ்சம் இளைத்துப்போய், ஆனால் தெம்பாக உட்கார்ந்திருந்தார். தைலம் நன்றாக வேலை செய்கிறது என்றார். பெண்ணிடம் சாப்பிட்டாயா என்றார். பிறகு தொலைபேசிக் குழாயைச் சம்பந்தியிடம் கொடுக்கச் சொன்னார்.

"உங்க கேஸ் என்ன ஆச்சு?"

பேராசிரியர் குழாயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். இறால் ஒவ்வாமைக்கும் முழங்காலுக்கும் வராத கூச்சம் அவர் முகத்தில் வந்தது.

"தள்ளிட்டாங்க."

"நீங்க கேட்கவேயில்லையே?"

"கேட்காமலேதான்," என்றார் பேராசிரியர்.

கண்ணாடிக்கு அந்தப்புறம் தோங்சுக் சிரிக்க ஆரம்பித்தார். சத்தம் இந்தப்புறம் கேட்கவில்லை. தோள் மட்டும் குலுங்கிக்கொண்டே இருந்தது. காவலர் வந்து நேரம் முடிந்துவிட்டது என்று அவர் தோளைத் தொட்டார். பேராசிரியர் பக்கத்தில் நின்ற காவலரோ, ஐயா விரும்பினால் இன்னும் கொஞ்ச நேரம் பேசலாம் என்றார்.